குப்பை போடாத தெரு

காலையில் கும்மிடிப்பூண்டி போகும் ரயில். எனக்கு எதிரே இரண்டு பெண்கள், இருவரும் ஒரே கம்பெனியின் நீலக் கோட்டு. இளையவள் சொன்னதைக் கேட்டு நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன்.

"எங்க தெரு குப்பைத்தொட்டிக்குக் கண்ணு இருக்குதுக்கா."

"இன்னாடி சொல்ற?"

"மூடிக்குள்ள ஒரு கருப்பு டப்பா வெச்சிருக்காங்க. தொட்டி ரொம்பிச்சினா முனிசிபாலிட்டி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தெரியுமாம். ஸ்மார்ட் தொட்டியாம்."

"ரொம்பினது தெரியுதுன்னா, யாரு போட்டதுன்னு தெரியாதா?"

"அதேதான். நாளைக்கு ஊட்டுக்கு ஊடு வரி போடுவாங்க. அதனால ஒருத்தரும் அதுல போடுறதில்ல. எல்லாரும் எடுத்துக்கினு போய் ஏரிக்கரைல கொட்டுறோம்."

"தொட்டி?"

"காலியாவே கெடக்குது. போன வாரம் ஆபீசருங்க வந்து, ஊர்லயே சுத்தமான தெருன்னு போர்டு மாட்டிட்டுப் போனாங்க."

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சும்மா மாட்டமாட்டாங்க. ஏரிக்கரைல கொட்டுறதையும் பார்த்துட்டாங்க."

"அதான் நான் இப்ப அங்கயும் போடுறதில்ல."

கும்மிடிப்பூண்டி வந்தது. இளையவள் ஒரு கையில் சாப்பாட்டுப் பையையும், மறு கையில் இறுக்கி முடிச்சுப் போட்ட கருப்புக் கவரையும் எடுத்தாள்.

"கம்பெனி கேட்டுல கேமரா இருக்குதுடி" என்றாள் மூத்தவள்.

இளையவள் கவரை என் சீட்டுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு இறங்கிப் போனாள்.

நான் எழுந்திருக்கும் முன் பெட்டியின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டேன்.