தரைக்குத் தனி

வீட்டின் வெளிச்சுவரைக் கழுவ என்ன செலவாகும் என்று கேட்டதும், சுவரைப் பார்க்காமலே விலை சொல்கிற ஆளை நம்பாதீர்கள், தம்பி. எங்கள் தெருவில் இந்த வேலை செய்கிறவருக்குப் பீச்சாங்குழல் என்று பட்டப்பெயர். வந்தவுடன் அவர் விலை பேசவில்லை. வீட்டைச் சுற்றி நடந்தார், பாசியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், அண்ணாந்து நின்று மாடிச் சுவரையே வெகுநேரம் பார்த்தார். தொழில் தெரிந்தவர் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நீங்கள் எழுதிக்கொள்ள வாகாக நிதானமாகவே சொல்கிறேன். அந்தத் தண்ணீர் டம்ளரை எடுத்துவிடலாம். நான் அழப்போவதில்லை.

எங்களுடையது மாடி வீடு. கூரையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர்க் குழாய் எப்போதோ உடைந்தது. உடைந்ததை யாரும் மாற்றவில்லை. யாரும் என்றால் என் வீட்டுக்காரர். மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் சுவரோடு வழிந்து, மாடி ஜன்னல்கள் இரண்டுக்கும் கீழே கறுப்புக் கறுப்பாகக் கோடு விழுந்துவிட்டது. தெருப்பிள்ளைகள் அதற்கு அழுமூஞ்சி வீடு என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். பிறகு பெரியவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். என்னிடம் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கடைக்காரரிடம் வழி கேட்டால், "அழுமூஞ்சி வீட்டம்மாவா? நேரா போங்க" என்பார். அழுமூஞ்சி வீடா, அழுமூஞ்சி அம்மாவா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான் தையல் வேலை செய்கிறேன். திரைச்சீலை, பள்ளிச் சீருடை, கிழிந்ததைச் சேர்ப்பது, நீண்டதைக் குறைப்பது. அதில் சேர்த்த பணத்தில்தான் பீச்சாங்குழலைக் கூப்பிட்டேன். மகளுக்கு ஒரு இடம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். மகள் என்னிடம் ஃபோனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்மா, அவங்க வர்றதுக்குள்ள அந்தச் சுவரை மட்டும் ஏதாவது பண்ணும்மா." பிறந்ததிலிருந்து என்னிடம் எதையும் கேட்டு வாங்கியவள் இல்லை. கேட்டால் கிடைக்காது என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டவள்.

பீச்சாங்குழல் கணக்குச் சொன்னார். கீழ்ச்சுவருக்கு இவ்வளவு. மாடிக்கு உயரம் என்பதால் கூடுதல். பாசியைக் கொல்லும் மருந்துக்கு இவ்வளவு. ஏணியில் ஏறுகிறவருக்கு இவ்வளவு, கீழே நின்று ஏணியைப் பிடிக்கிறவருக்கு இவ்வளவு.

"தரையும் கழுவணுமாம்மா? தரைக்குத் தனி," என்றார். வாசலில் இருக்கிற சிமெண்டுத் தரையைச் சொன்னார்.

"வேண்டாங்க. தரையை நானே தேச்சுக்குவேன்," என்றேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று சொல்வார்களே, அது அவருக்குப் பாராட்டு. சாப்பிட்ட கையில் ஒட்டியிருக்கும் பருக்கை வீணாகிவிடும் என்று காக்கையை ஓட்டாமல் இருப்பதில் அவருக்கு ஒரு நியாயம் உண்டு. ஒரு கிடங்கில் சரக்குச் சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் அதில் எதைக் கழிக்கலாம் என்றுதான் கண் போகும். மொத்தக் கணக்கையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு இடத்தில் நின்றார்.

"ஏணி பிடிக்க மட்டும் ஒரு ஆளா?"

"ஆமாங்க. அவன் பிடிக்கலைன்னா மேல இருக்கிறவன் என்ன ஆவான்?"

"சும்மா நிக்கிறதுக்குக் கூலியா? எங்க வீட்ல அதுக்கு ஆள் இருக்கு. முப்பது வருஷமா சும்மாதானே இருக்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பீச்சாங்குழல் சிரிக்கவில்லை. கீழே குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் கூலி உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும், தம்பி. கோபம் வரவில்லை. ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஒரு மனிதர் மேலே ஏறி நிற்க, கீழே ஒருவர் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு வேலை. அதற்கு ஒரு விலை இருக்கிறது.

மறுநாள் என் தையல் பணம் பெட்டியில் இல்லை. மதியம் ஒரு பழைய ஏணியும், யாரோ கழித்துக் கட்டிய பிரஷர் பம்பும் வண்டியில் வந்து இறங்கின. "பாரு, அவன் கேட்டதில பாதிகூட ஆகல. சுவரும் சுத்தமாகும், பம்பும் நமக்கே மிஞ்சும்," என்றார். என் பணத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "விடு," என்றார்.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் என்னிடம் அதிகம் பேசியது இந்த ஒரு சொல்லைத்தான். என் அம்மா படுக்கையில் விழுந்தபோது பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். "விடு, வயசானா வர்றதுதான்." மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. "விடு, இங்க இல்லாத படிப்பா?" என் முழங்கால் வீங்கி, தையல் மிஷினை மிதிக்க முடியாமல் போனது. "விடு, தானா சரியாயிடும்." காசு செலவில்லாத சொல் என்பதால் அதன்மேல் அவருக்குப் பிரியம். ஒவ்வொரு தடவையும் நான் விட்டேன். அவர் சொல்லி நான் விடாதது ஒன்றுகூட இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏணியின் கால் ஒன்றில் ரப்பர் இல்லை. வெறும் இரும்பு சிமெண்டில் வழுக்கும் என்று காட்டினேன். என்ன சொன்னார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தோம். மூன்று பேர் செய்கிற வேலையை இரண்டு பேர் செய்தோம் என்று பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் சொன்னாராமே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் ஏணியின் கடைசிப் படியில் ஒரு காலை ஊன்றி, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கைக்கு எட்டுகிற இடத்தில் பம்பின் திருகு. அவர் சொல்லும்போது திருகைத் திறக்க வேண்டும், சொல்லும்போது மூட வேண்டும். பம்பு இரைச்சலில் நீளமாகப் பேசினால் கேட்காது. அவர் "தண்ணி" என்று கத்துவதாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். எதிர்வீட்டில் பீச்சாங்குழலின் ஆட்கள் வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தண்ணீருக்கு "விடு" என்பார்கள், போதும் என்றால் "நிறுத்து" என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், அந்தச் சொல் உங்கள் வாயில் சரளமாக வரும் என்றேன். அவருக்கும் அது பிடித்துப்போனது.

சோப்புக் கரைசலை நான்தான் கலக்கினேன். கொஞ்சம் தாராளமாகவே கலக்கினேன். தரையெல்லாம் நுரை.

கீழ்ச்சுவர் முடிந்தது. "விடு" என்றார், திருகைத் திறந்தேன். "நிறுத்து" என்றார், மூடினேன். பிறகு மாடிச் சுவருக்கு ஏறினார். அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதை மறைக்க மாட்டேன். தண்ணீர் பட்ட இடத்தில் பாசி உரிந்து, கட்டியபோது அடித்த பழைய வெள்ளை தெரிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி மேலிருந்து குனிந்து, "பாத்தியா, எப்படிப் பளிச்சுனு வருது? மிச்சமான காசுல உன் முட்டியைக் காட்டிடலாம்," என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மிச்சக் காசு என்னுடையது. என் காசில் எனக்கு வைத்தியம் பார்க்க அவர் மனசு வைக்க வேண்டியிருந்தது.

வலது பக்க ஜன்னலுக்குக் கீழே இருந்த கோடுதான் கடைசி. ஏணியை நகர்த்தாமலே எட்டிவிடலாம் என்று ஒரு காலைப் படியில் வைத்து, உடம்பை அந்தப் பக்கம் சாய்த்தார். ஏணி என் கையில் கனத்தது. அவருடைய மொத்தக் கனமும் என் கையிலும் காலிலும்தான் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. முழங்கால் வலித்தது.

"விடு," என்று கத்தினார்.

விட்டேன்.

எதை விட்டாய் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். காலை எடுத்தேன், கையை எடுத்தேன், இரண்டு எட்டுப் பின்னால் வந்து நின்றேன். அவர் தண்ணீரைச் சொன்னாரா, ஏணியைச் சொன்னாரா என்று நான் எப்படி முடிவு செய்ய முடியும்? அந்த வீட்டில் எதையும் நான் முடிவு செய்ததில்லை. விடு என்றால் விடு. என் அம்மாவை விட்டபோது அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் வந்து விசாரிக்கவில்லை. என் மகளின் படிப்பை விட்டபோது யாரும் என்னை இப்படி நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறீர்கள், தம்பி.

அவர் உடனே சாகவில்லை. அதையும் மறைக்கப்போவதில்லை. தரையில் கிடந்து, என் பக்கம் கையை நீட்டி, "பிடி," என்றார். முப்பது வருடத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. அதனால்தானோ என்னவோ, அது எனக்குச் சொன்னதாகவே தோன்றவில்லை. பம்பு வீணாக ஓடிக்கொண்டிருந்தது. கரண்டு வீணானால் அவருக்குப் பொறுக்காது. போய் அதை நிறுத்தினேன். குழாயைச் சுருட்டி வைத்தேன். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நடந்துதான் போனேன். என் முழங்காலை வைத்துக்கொண்டு ஓட முடியாது.

பால் தெளித்த மறுநாள் பீச்சாங்குழல் தன் ஆட்களோடு வந்துவிட்டார். வீட்டு நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார். நான்தான் நிறுத்தி, வேலையைச் செய்யுங்கள் என்றேன். ஏணி பிடிக்கத் தனியாக ஒரு ஆள் வந்திருந்தான். வேலை முடிகிறவரை அவன் வேறெங்கும் திரும்பவில்லை. கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுத்தேன்.

எனக்குச் சம்பந்தியாகப் போகிறவர்கள் துக்கம் கேட்கத்தான் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "வீட்டை எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க," என்றார். துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் சொன்னதுதான். ஆனாலும் எனக்கு நிறைவாக இருந்தது. மகள் மட்டும் சுவரைப் பார்க்கவில்லை. வந்ததிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் கேட்டு வாங்காதவள், அன்றும் எதுவும் கேட்கவில்லை.

நீங்கள்தான் கேட்கிறீர்கள். முன்கூட்டியே யோசித்துச் செய்தாயா என்று. ஒரு சொல் காதில் விழுந்தது, அதற்குக் கீழ்ப்படிந்தேன், அவ்வளவுதான் என்று எத்தனை தடவை சொல்வது? கீழ்ப்படிவதற்கு யோசனை எதற்கு? கைகழுவிவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். அழுமூஞ்சி என்று பேசியதற்கு இது எவ்வளவோ தேவலை.

பீச்சாங்குழல் உங்களிடம் பேசிவிட்டார் என்று தெரியும். நல்ல மனிதர், பொய் சொல்ல மாட்டார். சனிக்கிழமை சாயங்காலம் நான் அவர் கடைக்குப் போனது உண்மை. சீருடைக்கு வாங்கிய முன்பணத்தை அப்படியே அவரிடம் கொடுத்து, வரும் வாரத்தில் வந்துவிடுங்கள் என்றதும் உண்மை. மறுநாள் புருஷனே கழுவப்போகிறபோது இவரை எதற்குக் கூப்பிட்டாய் என்கிறீர்கள். என் வீட்டுக்காரர் எந்த வேலையை ஆரம்பித்து முடித்திருக்கிறார்? சுவர் பாதியில் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

தரை வேண்டாம் என்று முதலில் சொன்னவள், சனிக்கிழமையே ஏன் தரையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாய் என்றும் கேட்டீர்கள். பீச்சாங்குழல்கூட அதைக் கேட்கவில்லை, தரைக்குத் தனி என்று மட்டும் மறுபடி ஞாபகப்படுத்தினார். அத்தனை வருடமாக அந்தத் தரையை நான்தான் தேய்த்திருக்கிறேன். அதனால் எனக்குத்தான் தெரியும். சிமெண்டில் இறங்கிவிட்டால் அந்த மாதிரிக் கறை கையால் தேய்த்துப் போகாது, தம்பி.