லீவு எடுக்கிற காய்ச்சல்

இல்ல தம்பி, நீங்க முதல்ல கூலியச் சொல்லுங்க. சரியாகுமா ஆகாதாங்கறத அப்புறம் பாத்துக்கலாம். தலை நரைச்ச மனுஷனப் போயி தம்பின்னு கூப்பிடறாளேன்னு முறைக்காதீங்க, எங்கிட்ட பேரம் பேசுற ஆம்பளைங்க எல்லாருமே எனக்குத் தம்பிதான். என்னது, ஒரு போன் கண்ணாடி மாத்த அவ்வளவா? அந்தக் காசுக்கு நான் ஆள் உயர ஜன்னலே தருவேன், கண்ணாடியோட. சிரிக்காதீங்க, நெஜம். இடிக்கிற வீட்டுலேர்ந்து கதவு, ஜன்னல், நிலை எல்லாம் கழட்டிட்டு வந்து விக்கிறதுதான் என் தொழில். பாலத்துக்குக் கீழ ஒரு பெரிய கொட்டகை இருக்குல்ல, அது நம்மளுதுதான். படிப்பு மூணாவதோட சரி. ஆனா ஒரு கதவத் தூரத்துலேர்ந்து பாத்தாலே உயரம், அகலம் சொல்லிடுவேன். எந்த வீட்டுல எந்தக் கதவு எடுத்தேன்னு இன்னிக்குக் கேட்டாலும் அளவோட சொல்லுவேன்.

சரி, நீங்க சொன்னதுல பாதி. பாதிக்கு மேல பேச்சில்ல. பிரிங்க.

எப்படி உடைஞ்சுதா? கை தவறிடுச்சு.

மெதுவாவே பண்ணுங்க, ஒண்ணும் அவசரமில்ல. அந்தம்மா எவ்வளவு நேரமா நிக்கிறாங்க பாருங்க, அவங்களுத முடிச்சு அனுப்பிட்டு வாங்க. நான் இப்படி ஸ்டூல்ல உக்காந்துக்கறேன்.

முக்கியமான போன் ஏதாச்சும் வருமாவா? வரும். எங்க வீட்டுக்காரருக்கு வெளிநாட்டுல காய்ச்சல். மலேரியாவா இருக்குமோன்னு ரத்தம் எடுத்திருக்காங்க. இன்னிக்கு ரிசல்ட்டு.

ஐயோ, அதுக்காக நீங்க ஏன் பதறுறீங்க? நிதானமா பண்ணுங்க.

அவரு கதவு மாட்டற ஆசாரி. கையில அவ்வளவு வேலை, வாயில ஒரு வார்த்தை கெடையாது. எங்க ரெண்டு பேருக்குமாச் சேத்து நான்தான் பேசணும். என் வாய்க்குப் பயந்துதான் கடல் தாண்டிப் போயிட்டாருன்னு கடைத்தெருவுல சொல்லிக்கறாங்க. சொல்லட்டும். அங்க ஏதோ அடுக்குமாடி கட்டறாங்களாம், மாடிக்கு மாடி கதவு. ஆனா இவங்கள்லாம் படுக்குற ஷெட்டுக்குக் கதவு இல்ல, ஜன்னலுக்குச் சட்டம் இல்ல. வாசல்ல ஒரு கோணிய தொங்க விட்டிருக்காங்களாம். கொசு என்ன, கதவத் தட்டிட்டா வரும்?

ஒரு நாள் பேசும்போது குரல் நடுங்குது. என்னய்யான்னா, ஒண்ணுமில்ல, லேசா குளிருதுங்கறாரு. அங்க வெயில் மண்டையப் பொளக்குது, இவருக்குக் குளிருதாம். மறுநாள் கேட்டா, நல்லாத்தான் இருக்கேன், வேலைக்குக் கிளம்பிட்டேங்கறாரு. அதுக்கு மறுநாள் திரும்பவும் போர்வை மேல போர்வை, பல்லு கிட்டிக்குது, அப்புறம் பாய் நனைய வேர்வை. ஒரு நாள் வருது, ஒரு நாள் லீவு எடுத்துக்குது. உனக்குத்தான் லீவு கேக்க வாயில்ல, உன் காய்ச்சலாச்சும் கேட்டு வாங்குதேன்னேன். சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு முடியறதுக்குள்ள மூச்சு வாங்குது.

ஆஸ்பத்திரிக்குப் போய்யான்னா, இந்த மாடி முடியட்டுங்கறாரு. இந்த மாடி முடிஞ்சா அடுத்த மாடி. பேரம் பேசறாரு தம்பி, எங்கிட்ட! அப்புறம் அங்க இருக்குற சூப்பர்வைசர் நம்பரக் கேட்டு வாங்கி நானே கூப்பிட்டேன். அந்தாளுக்கு நம்ம பேச்சு ஒரு எழுத்து புரியாது. புரியாட்டி என்ன, திட்டறாங்கன்னு கூடவா தெரியாது? அன்னிக்குச் சாயங்காலமே வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போயிட்டான்.

இங்க நம்ம தெரு டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். மலேரியாவா இருந்தா நல்ல மாத்திரை இருக்கும்மா, பயப்படாதீங்கன்னாரு. அதே மூச்சுல, லேட்டாயிடுச்சுன்னா மூளைக்கு ஏறிடுங்கறாரு. ஒரே சரக்குக்கு ரெண்டு வெல சொல்ற ஆள நான் கொட்டகைக்குள்ளயே விடமாட்டேன். என்ன பண்றது, டாக்டராப் போயிட்டாரு.

உங்க போனா? வேணாம் தம்பி, பெரிய மனசு உங்களுக்கு. நம்பர் ஞாபகமில்ல. இந்தக் காலத்துல நம்பரையெல்லாம் யாரு மனசுல வெச்சுக்கறா? சிம்மக் கழட்டி உங்க செட்டுல போடறதா? வேணாங்க. அது பாட்டுக்கு அங்கயே கெடக்கட்டும்.

என்ன அப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? ஆமா, கை தவறி விழுந்தா மூலை இப்படி நசுங்காதுதான். தொழில் தெரிஞ்ச ஆளுகிட்ட பொய் சொல்ல முடியுதா பாருங்க. எறிஞ்சேன். சுவத்துல. கோவம் வந்தா கையில இருக்கறது பறந்துடும், சுத்தியலோ டீ கிளாஸோ, அதுக்கு நான் பொறுப்பில்ல. நான் குரல ஒசத்தினாலே என் ஆளுங்க கதவுக்குப் பின்னாடி போயிடுவாங்க. கொட்டகை முழுக்கக் கதவுதானே, அவங்களுக்கு என்ன கஷ்டம். இன்னிக்கும் கோவத்துலதான் எறிஞ்சேன்னு நெனச்சுட்டாங்க. அப்படியே நெனச்சுட்டுப் போகட்டும்.

இல்ல, யாரு மேலயும் கோவமில்ல.

அதுக்குள்ள லைட் எரிஞ்சிடுச்சா? என்னங்க நீங்க. ரிப்பேர் கடைக்காரன்னா நாளைக்கு வாங்க, நாளன்னிக்கு வாங்கன்னு நாலு தடவ அலைய விட வேணாமா? உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு சுறுசுறுப்பு. எனக்குன்னு வந்து வாய்ச்சீங்க.

அவரு தானா போன் பண்ற ஆளே இல்ல தம்பி. நான்தான் கூப்பிடுவேன், நான்தான் பேசுவேன், அவரு ம்ம்னுவாரு. காலையில அவரு நம்பர்லேர்ந்து மணி அடிச்சுது. என்னய்யா அதிசயமா இருக்குன்னுட்டே எடுத்தேன். அக்கான்னு ஒரு குரல். அவரு குரல் இல்ல. அக்கா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டுது. அவ்வளவுதான் நான் கேட்டது. அதுக்கு மேல அது பேசறதுக்குள்ள கை எறிஞ்சிடுச்சு.

அடிக்குது பாருங்க. அவரு நம்பர்தான். இல்ல, எங்கிட்ட நீட்டாதீங்க. நீங்களே எடுங்க. சத்தமா வைக்க வேணாம், காதுல வெச்சு யாரு பேசறதுன்னு மட்டும் கேளுங்க. அவரா இருந்தா இப்படிக் குடுங்க, நல்லா நாலு வார்த்தை கேக்கணும். வேற யாராச்சுமா இருந்தா, செட்டு இன்னும் ரிப்பேராகலன்னு சொல்லிடுங்க.