ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கோப்பைப் பதிவிறக்கினால் கூடவே ஒரு விளக்கக் குறிப்பும் வரும். அதைப் பொறுமையாகப் படிக்கிறவர்கள் எங்கள் அலுவலகத்தில் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் வரைபடம் போடுகிறவர். எல்லோருக்கும் அவர் மேப் அண்ணன். நீங்கள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, அவர்தான்.

ஊரில் ஒவ்வொரு பகுதிக்கும் பத்து இலக்கத்தில் ஓர் எண் உண்டு. அட்டவணையில் அந்த எண்ணுக்கு எதிரே எத்தனை பேர், என்ன வயது என்று இருக்கும். வரைபடத்திலும் அதே எண் இருக்கும். இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தினால்தான் ஆட்கள் வரைபடத்தில் ஏறுவார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து எண்களெல்லாம் பூஜ்யத்தில் தொடங்கும். அட்டவணை மென்பொருளில் யோசிக்காமல் திறந்து சேமித்தால், முன்னால் நிற்கும் பூஜ்யத்தை அது வேண்டாததென்று தள்ளிவிடும். எண் ஒன்பது இலக்கமாகிவிடும், பொருந்தாது. அந்தப் பக்கத்தில் அறுபது வயது தாண்டியவர்கள் மட்டும் மூவாயிரத்து நானூறு பேர். வரைபடத்தில் ஒருவர்கூடத் தெரியமாட்டார்.

அந்த வரைபடத்தை வைத்துத்தான் புது ஆம்புலன்ஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்தார்கள். நிலையம் ஒன்றுதான். வயதானவர்கள் எங்கே அதிகமோ அங்கே.

என் மனைவிக்கு இதயம் வீங்கியிருக்கிறது. இது குணமாகிற வியாதி இல்லை, மூச்சு முட்டினால் பத்து நிமிடத்துக்குள் ஆக்சிஜன் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, ஜன்னலத் தெறங்க" என்றாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வர முப்பத்தெட்டு நிமிடம். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்த அறையில் நீங்கள் இருந்திருந்தால் என்னை இப்படிப் பார்க்கமாட்டீர்கள்.

வரைபடம் முதலில் வந்தபோது தவற்றைப் பிடித்தவர் மேப் அண்ணன்தான்.

"சார், பாதைக்கு அந்தப் பக்கம் பூரா வெள்ளையா கெடக்கு. அங்க என்ன சுடுகாடா இருக்கு? பூஜ்யம் விழுந்திருச்சு சார்." அவரே சிரித்துக்கொண்டார். "முன்னாடி நின்னா மதிப்பே இல்ல. எங்க வீட்ல என் கதையேதான்."

"சரி பண்ணிடுங்க," என்றேன்.

சரி பண்ணினார். கையெழுத்துப் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டு, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனார்.

நிலையம் எங்கள் தெருமுனைக்கு வந்தது. அதற்கப்புறம் மூன்று முறை என் மனைவிக்கு மூச்சு முட்டியது. மூன்று முறையும் நான்கே நிமிடத்தில் வண்டி. "நமக்கு எங்கயோ புண்ணியம் இருக்குங்க," என்றாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அந்த வண்டியில் ஏறமாட்டாள். அப்படிப்பட்டவள்.

ஒருநாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தையல்காரப் பெண் வந்தாள். அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி. வண்டி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதாம். வந்து சேர்ந்தபோது அவர் இல்லை.

"ஐயா, எங்க பக்கம் ஆளே இல்லன்னு உங்க கணக்குல இருக்காமே. எங்க வீட்டுக்கு வந்து எழுதிட்டுத்தானே போனாங்க? அப்பாதான் உக்காந்து ஒண்ணொண்ணா பதில் சொன்னாரு."

நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். மனு எழுதத் தெரியாமல் விழித்தாள், நானே வாசகம் சொல்லிக்கொடுத்தேன். அவளோடு சேர்த்துப் பதினோரு வீடுகளிலிருந்து மனு வந்திருக்கிறது. எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். ஒன்றுகூடத் தொலையவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்கிறீர்கள். நான் யாரையும் அழிக்கவில்லை. மூவாயிரத்து நானூறு பேரும் அட்டவணையில் அப்படியேதான் இருக்கிறார்கள். பூஜ்யம் முதல் முறை தானாக விழுந்தது. மேப் அண்ணன் சரி பண்ணிவிட்டுப் போன பிறகு, அதே கோப்பைத் திறந்து, மறுபடியும் சேமித்து மூடியது நான். பழைய வெள்ளை வரைபடத்தை மறுபடி எடுத்து, அவர் கையெழுத்துப் போட்ட தாளோடு சேர்த்து மேலே அனுப்பியதும் நான்தான். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெண் குழந்தையை வைத்திருக்கிறார், பாவம்.

கோப்பை இன்றைக்கே சரி பண்ணித் தரச் சொல்கிறீர்கள். பண்ணினால் நிலையத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுவீர்கள். அரை நிமிட வேலைதான், மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் அவள் உடம்பு கொஞ்சம் தேறட்டும்.