பாப்பாவுக்கு லேசாக் காய்ச்சல்

தக்காளிக்குப் பொறுமை கிடையாது, ஐயா. கத்தரிக்காயாவது ஒரு நாள் தாங்கும். மாரண்டஹள்ளியில் ஏற்றிய தக்காளி பாலக்காட்டு மண்டிக்குப் பழமாகப் போய்ச் சேருகிறதா, கூழாகப் போய்ச் சேருகிறதா என்பது டிரைவர் கண்ணில்தான் இருக்கிறது. அந்தக் கண்ணைத் திறந்தே வைத்திருப்பது லாரி ஷெட் மேனேஜரான என் வேலை. சேலத்திலிருந்து தர்மபுரி தனி ஜில்லாவாகப் பிரிந்த வருஷம் சேர்ந்தேன்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவனை ஓட்ட விடக்கூடாது என்று சட்டம் இருப்பது எனக்கும் தெரியும். யாராவது விசாரிக்க வந்தால், வண்டிக்கு இரண்டு டிரைவர், இன்னொருத்தன் சாப்பிடப் போயிருக்கிறான் என்போம். அந்த இன்னொருத்தன் எங்கள் ஷெட்டில் என்றைக்கும் இருந்ததில்லை.

மற்ற ஷெட்டுகளில் தூக்கம் வராமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். உடம்பைக் கெடுக்கிற சமாச்சாரம், எனக்குப் பிடிக்காது. நான் வேறு வழி கண்டுபிடித்தேன். அதையும் எங்கள் டிரைவர் ஜமீர்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தான்.

ஜமீர் கம்பைநல்லூர்க்காரன். கைசுத்தம், வாய்சுத்தம், வண்டியைக் குழந்தை மாதிரி வைத்துக்கொள்வான். ஆனால் தூக்கக்காரன். ஒருமுறை அவன் மகள் ஷகிலாவுக்கு அம்மை போட்டிருந்தபோது லோடு எடுத்துப் போனான். போய்த் திரும்பும்வரை கண் அசரவே இல்லை. கவலைப்படுகிறவன் தூங்கமாட்டான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதன்பிறகு தூரத்து லோடு என்றால், கிளம்புகிற நேரத்தில் ஏதாவது சொல்லி வைப்பேன்.

"பாப்பாவுக்கு லேசாக் காய்ச்சலாம்ப்பா. டாக்டர்கிட்ட காட்டிட்டாங்களாம். நீ வர வேண்டாம்னுதான் உன் சம்சாரம் சொல்லிவுட்டுச்சு."

அவ்வளவுதான். உப்பு மாதிரி, அளவு முக்கியம். கூடிப்போனால் வண்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவான். குறைந்துபோனால் தொப்பூர் தாண்டுவதற்குள் கண் செருகிவிடும்.

லோடு இறக்கித் திரும்பி அவன் பதறிக்கொண்டு வீட்டுக்குப் போனால் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். சேதி கொண்டுவந்தவன் மாற்றிச் சொல்லியிருப்பான் என்று சமாளிப்பேன்.

"யாரோ வெளையாடறாங்கன்னு தெரியுதுங்கண்ணா," என்றான் ஒருநாள். "ஆனா ஒருவேளை நெசமா இருந்துட்டா என்னங்க பண்றது?"

அப்படியொரு அப்பன். பிள்ளை பிழைத்துக்கொண்ட சந்தோஷம் திரும்பத் திரும்ப யாருக்குக் கிடைக்கும்? அதை அவனுக்குக் கொடுத்தது நான்தான்.

பஸ் கண்டக்டர் உங்களிடம் சொன்னது உண்மை. அன்று காலை அவர் ஷெட்டுக்கு எதிரே இறங்கிவந்து என்னிடம்தான் சொன்னார். ஷகிலாவைத் தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, நினைவில்லை, ஜமீரை உடனே வரச்சொல்லி அவன் சம்சாரம் ஜுபைதா அழுகிறாள் என்று. ஜமீர் அப்போதுதான் கேரளாவிலிருந்து வந்திருந்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. அடுத்த லோடு ஏற்றியாகிவிட்டது. நாங்கள் பேசியதை அவன் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டான்.

"வூட்ல இருந்து சேதிங்களாண்ணா?"

வழக்கம்போல லேசாகச் சொல்லலாமென்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் இது நிஜம். நிஜத்தை லேசாகச் சொல்ல எனக்கு வரவில்லை. முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்துபோனேன்.

"எல்லாரும் சௌக்கியம். பாப்பா வெளையாடிட்டு இருக்குதாம்," என்றேன்.

"அப்பாடா. இன்னிக்காச்சும் நல்ல சேதி சொன்னீங்களேண்ணா."

சிரித்துக்கொண்டே வண்டி ஏறினான். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை, ஐயா. மகள் படுத்திருந்த ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் அவன் போயிருப்பான்.

தொப்பூர் இறக்கத்தில், பட்டப்பகலில், வண்டி நேராகப் பள்ளத்துக்குள் போய்விட்டது. பிரேக் போட்ட தடமே இல்லை என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன். நசுங்கிய தக்காளிக்கு நடுவே கிடந்தான். முகத்தில் கவலையே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஷகிலா பிழைத்துவிட்டாள். இப்போது தெருவில் விளையாடுகிறாள். ஆகவே நான் சொன்னதை முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனபோது ஜுபைதா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"சேதி சொன்னீங்களாண்ணா?"

"சொன்னேம்மா."

"தெரிஞ்சுமா போனாரு?"

நான் பேசாமல் நின்றேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த அழுகை அத்தோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு அவன் பேரை அவள் எடுப்பதே இல்லையாம்.

யோசித்துப் பார்த்தால் நான் செய்த தப்பு ஒன்றுதான். அத்தனை நாளும் ஜாக்கிரதையாக இருந்துவிட்டு, அன்று ஒருநாள் அவனை நிம்மதியாக அனுப்பிவிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஜுபைதாவிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம், ஐயா. இப்போதுதான் அழுகை ஓய்ந்திருக்கிறது. பாவம், அவளாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.