பேர் சொல்லிச் செய்த ஜெபம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாலை, கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போன பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள். ஒருவர் முக்காடு போட்டிருந்தார். மற்றவர் தன் சபையில் வாலிபர் கூட்டம் நடத்துபவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“நாங்க ஜெபம் பண்ணினதாலதான் அந்தப் பிள்ளை கூட்டத்துக்கு வராம விட்டிருக்காள்,” என்றார் அவர்.

நான் வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

“அதெப்படி டீச்சர்?” என்று முக்காடு போட்டவர் கேட்டார்.

“மூணு மாசமா வாறல்ல. சினிமா, சினேகிதம் எண்டு ஆளுக்கொரு கதை கதைச்சாங்க. கடைசியில நானே வீட்ட போய்க் கேட்டன். ‘சோதனையில பெயிலான எனக்காகப் பேரச் சொல்லி ஜெபம் பண்ணினீங்க. அதுவரைக்கும் அங்க ஒருத்தருக்கும் தெரியாது’ எண்டாள்.”

“அல்லாஹ்வே. நீங்க என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்ல? அந்த ஜெபத்த நடத்தினதே நான்தான். என்னை மன்னிச்சிடு மகள் எண்டன். திரும்ப வா எண்டு கூப்பிட வெக்கமா இருந்திச்சு. கூப்பிடல்ல.”

காரைதீவில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். பஸ் புறப்பட்டதும் முக்காடு போட்டவர் கேட்டார்.

“பிறகு அவள் வரவே இல்லையா?”

“போன ஞாயிறு வந்தாள். ஜெபம் தொடங்கக்குள்ள எழும்பி வெளிய போயிற்றாள். நான் ஆர்ட பேரையும் சொல்லல்ல. கண்ணத் திறந்து பாத்தா, வாசல்ல நிண்டு கேட்டுக்கொண்டிருக்காள்.”

“வீட்ட போகல்லையா?”

“இல்ல. முடிஞ்சதும் உள்ளுக்கு வந்து, பாட்டுப் புத்தகங்கள எல்லாம் அடுக்கித் தந்துட்டுத்தான் போனாள்.”