பலகை பார்த்துக் கேட்ட கேள்வி

அவையை நடத்தும் தீயணைப்புக் குழுத் தலைவர் திரு. ஏர்ல் ஹோஸ்டெட்லர் அவர்களே! தேர்தல் களத்தில் எதிரெதிரே நின்றாலும் இன்று ஒரே மேசையில் அமர்ந்திருக்கும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் திருமதி லொரெய்ன் பிராண்ட் அவர்களே! குடியரசுக் கட்சி வேட்பாளர் திரு. டேல் ரக்மன் அவர்களே! இந்தப் பள்ளத்தாக்கின் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் கவலையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் லேசி காஃப்மனின் பணிவான வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த உரையை நேற்று நள்ளிரவுக்கு மேல் உட்கார்ந்து எழுதினேன். பகலில் என் மகள் டெஸ்ஸா பேனாவைப் பிடுங்குகிறாள். இரவில் பயம் தூக்கத்தைப் பிடுங்குகிறது. வரிகள் தாறுமாறாக வந்தால் பொறுத்தருளுங்கள்.

என்ன ஐயா, பின்வரிசையில்? "சீக்கிரம் முடிம்மா, டிவியில ஆட்டம் ஆரம்பிச்சுடும்" என்கிறீர்களா? ஆட்டம் அடுத்த வாரமும் வரும். உட்காருங்கள்!

டெஸ்ஸாவுக்கு ஆறு வயது. அவளை இன்னொரு வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன் நான் என்னென்ன கேட்கிறேன்? நாய் கடிக்குமா? பலகாரத்தில் வேர்க்கடலை உண்டா? நீச்சல் குளத்துக்கு வேலி உண்டா? கூசாமல் கேட்கிறேன். இன்னொரு கேள்வியைக் கேட்கத்தான் கூசுகிறது. வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? இருந்தால், பூட்டியிருக்கிறதா?

சென்ற மாதம் எதிர்வீட்டு ரோண்டா ஷ்ரேடரிடம் போனில் கேட்டேன். அவர் வீட்டு வாசல் புல்வெளியில் திரு. ரக்மனின் சிவப்புத் தேர்தல் பலகை. என் புல்வெளியில் திருமதி பிராண்டின் நீலப் பலகை. கேட்டதுதான் தாமதம், வெடித்தார்.

"ஏம்மா லேசி, எங்க வீட்டுப் பலகையைப் பாத்துட்டுத்தானே கேக்குற? மான் வேட்டைக்குப் போறவங்கன்னா கண்டபடி போட்டு வெச்சிருப்போமா? உன் சிநேகிதி பெய்ஜ் கிட்ட கேட்டியா? அவ நீலப் பலகை, அதனால புனிதவதி. அப்படித்தானே?"

"அவளைக் கேக்க என்ன இருக்கு? துப்பாக்கி வேணாம்னு ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே ஊர்வலம் போறோம்!"

"அப்ப அங்கயே அனுப்பு!" போனை வைத்துவிட்டார்.

அனுப்பினேன். பெய்ஜ் டோலனின் மகன் ஓவனோடு விளையாடித் திரும்பிய டெஸ்ஸா, மக்ரோனியை மென்றபடி சாவகாசமாகச் சொன்னாள்: "அம்மா, ஓவனோட அம்மா டிராயர்ல துப்பாக்கி வெச்சிருக்காங்க. ரொம்ப கனம்மா அது."

கனம்! கண்ணால் கண்டவர் கறுப்பு என்பார். கையால் தூக்கியவர்தானே கனம் என்பார்?

ஓடினேன். பெய்ஜின் முகம் வெளுத்துப்போனது. "எங்க வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்ட், லேசி. தனியா இருக்க பயந்து வாங்கினேன். பெட்டகம் வாங்கி வெச்சா வீட்டுக்கு வர்றவங்க பாத்துடுவாங்கன்னு துண்டுக்கு அடியில ஒளிச்சேன். நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாங்க?"

இதை மேடையில் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லு. பேரோட சொல்லு" என்றார். அதோ, மூன்றாம் வரிசையில் அழுதபடி அமர்ந்திருக்கிறார். அவரை யாரும் முறைக்காதீர்கள்.

ரோண்டாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நிலவறைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். இரும்புப் பெட்டகம், பூட்டின் மேல் பூட்டு! "இதையே சட்டமாக்கினா நல்லதுதானே?" என்றேன்.

"நானாப் பூட்டுவேன். அரசாங்கம் வந்து பூட்டுன்னு சொல்லட்டும், பூட்டைத் தூக்கி ஆத்துல எறிஞ்சிடுவேன்!"

சிரிக்கிறீர்களா? ரோண்டாவும் சிரிக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் கட்சிக்காரி கட்சிக்கு அஞ்சிப் பூட்டாமல் ஒளிக்கிறாள். எதிர்க்கட்சிக்காரி பூட்டிவைத்துக்கொண்டே, பூட்டச் சொல்லும் சட்டத்தை விரட்டுகிறாள். நடுவில் நிற்பது யார்? நம் பிள்ளைகள் அல்லவா?

வேட்பாளர்களே, சற்று முன் அழகாகப் பேசினீர்கள். வாங்குபவரின் பின்னணியைச் சோதிப்போம், பூட்டிவைக்கச் சட்டம் செய்வோம் என்றார் திருமதி பிராண்ட். அரசியல் சட்டம் தந்த உரிமையில் அரசு கை வைக்க விடமாட்டேன், பொறுப்பு அவரவர் வீட்டுக்குரியது என்றார் திரு. ரக்மன். நீலம் கைதட்டியது, சிவப்பு கைதட்டியது. ஆறு வயதுக் கைக்குச் சட்டம் தெரியுமா? உரிமை தெரியுமா? டிராயரைத் திறக்கத் தெரியும்! துண்டை விலக்கத் தெரியும்! விசை எங்கே என்று விரலால் தேடத் தெரியும்!

இந்தச் சனிக்கிழமை திருமதி பிராண்டின் மகளுக்குப் பிறந்தநாள். அடுத்த சனிக்கிழமை திரு. ரக்மனின் பேத்தி வகுப்புப் பிள்ளைகளையெல்லாம் தாத்தா பண்ணைக்கு அழைத்திருக்கிறாள். டெஸ்ஸா இரண்டுக்கும் போகத் துள்ளுகிறாள். வருவாளா என்று இரு வீட்டாரும் கேட்டிருக்கிறீர்கள். நான் இன்னும் பதில் தரவில்லை. என்னால் தர முடியவில்லை.

ஆகவே இருவரையும், ஊரறிய, ஒரே தொனியில் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டியிருக்கிறதா? சாவி யாரிடம்?

பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. தாய்மார்களுக்கு என் வணக்கம். வேட்பாளர்களே, தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.