சீனாவும் சயாமும் ராசியான பிறகு

— அந்தத் தட்ட நகத்தாத மங்களம், அது வியட்நாம்.

— அது நெத்திலிச் சம்பல்.

— சொல்றதக் கேளுலா. அமெரிக்காக்காரனையே வெரட்டுனவன் வியட்நாம்காரன். சும்மா இருப்பானா? பக்கத்துல இந்த அப்பளம்தான் கம்போடியா. ரெண்டே வாரத்துல முழுங்கிட்டான்.

— ஒங்கள முழுங்கச் சொல்லித்தான் பொரிச்சேன்.

— கம்போடியா போச்சா, அடுத்த வீடு சயாம். அவனுக்குத் தூக்கமே போச்சு.

— சிம்பாங் பூலாய்ல கல்லொடைக்கிற ஆளுக்கு வர்ற கவலையப் பாரு! சயாம்காரன் எம் புருசனக் கேட்டுத்தான் தூங்கப் போறானா?

— சிரி, சிரி. பயந்தவன் யார்கிட்ட ஓடுனான்? சீனாக்காரன்கிட்ட. அவனுக்கும் வியட்நாம் மேல கோவம். மாசியிலதான உள்ள பூந்து அடிச்சான்.

— அடிச்சு?

— பாதி அடிச்சான், பாதி வாங்கிட்டுத் திரும்பிட்டான்.

— நம்ம கல்யாண வீட்டுச் சண்ட மாதிரி.

— இப்ப சீனாவும் சயாமும் சிநேகிதம். அதுல நமக்கு என்னா லாபம்னு கேளு.

— அரிசி வெல கொறையுமா?

— அரிசியவே கட்டிக்கிட்டு அழு! வெள்ளக்காரன எதுத்துத் துப்பாக்கி தூக்குன நம்ம கம்னிஸ்காரனுங்க சயாம் எல்லைக் காட்டுல கெடக்கானுங்கள்ல? அவனுங்களுக்கு இத்தன வருசம் ஒத்தாச பண்ணுனது சீனா. இனிமே சயாம்காரன் மொகம் கோணுமேன்னு மெல்லக் கைய விட்டுருவான். பாரு, எல்லாம் காட்ட விட்டு எறங்கி வரப் போறானுங்க.

— எவன் வரப்போறான்? முப்பது வருசத்துல புலி தின்னது போக, காய்ச்சல் தின்னது போக, எலும்புதான் வரும்.

— ஒனக்கு என்னா தெரியும்?

— ஆமாலா, நீங்க பெரிய மந்திரி. காப்பிக் கடையில கேட்டத வீட்டுல வந்து ஒளறுறது.

— ஒளறலா? நம்ம சன்னாசி லாரி ஓட்டிக்கிட்டு சயாம் எல்லையத் தாண்டிப் பெத்தோங் போனப்ப கண்ணால பார்த்தான்டி! சந்தையில கருவாடு வாங்கிட்டு நின்னானாம் ஒடையப்பன். ஒரு பல்லுகூட விழலையாம்!

— எந்த ஒடையப்பன்?

— ...வேற யாரோ. ஊருக்குள்ள ஒரே ஒடையப்பனா?

— சித்தியவான் தோட்டத்துலேருந்து காட்டுக்குப் போனது ஒரே ஒடையப்பன்தான். என் மொதப் புருசன்.

— மங்களம், இங்க பாரு...

— போலீஸ் லாரியில அவரு பொணத்தப் பார்த்தேன்னு சொல்லி, என் தாலியக் கழட்ட வச்சது நீங்கதானே?